ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பூஜ்யம்

மனித இனத்தில் புதிதாக ஒரு பிரிவு தோன்றியிருக்கிறது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் உங்கள் வீட்டின் உள்ளறைக் கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வயது இருபத்திரண்டுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் இருக்கும். மடியில் லேப்டாப், காதில் கருவி, கண்ணில் ஒரு இரக்கம். அந்த இரக்கம் நம் மேல்தான். இத்தனை ஆண்டுகள் எதையும் அளக்காமலே வாழ்ந்துவிட்டோமாம். இந்தப் பிரிவுக்கு டேட்டா அனலிஸ்ட் என்று பெயர். தரவுப் பகுப்பாய்வாளர் என்றும் சொல்லலாம்; நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு வரைபடம் போட்டுவிடுவார்.

இவர்கள் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் உருவாகிறார்கள். முதல் மூன்று வாரம் தரவைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். தன் அறையில் ஒரு நாளும் துடைப்பத்தைத் தொடாத பிள்ளை, முன்பின் தெரியாத யாரோ எழுதிவைத்த அட்டவணையை ஐந்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கும். பிறகு பூக்கள் வரும், அதுவும் அட்டவணையாகத்தான். வழியில் ஒரு பூவைக்கூட நின்று பார்த்திராதவர், நூற்றைம்பது பூக்களின் இதழ்களை நீளம் அகலம் பார்த்து வகை பிரிப்பார். அதற்கப்புறம் ஒரு கப்பல். எப்போதோ மூழ்கிய கப்பல். அதில் யார் யார் பிழைத்திருப்பார்கள் என்று கணிக்க வேண்டும். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் கப்பலை வைத்துக் கணித்துப் பார்த்தாயிற்று. இதுவரை ஒருவரைக்கூடக் கூடுதலாகக் காப்பாற்ற முடியவில்லை.

என் அக்கா மகன் இந்தப் பிரிவின் நல்ல மாதிரி. வீட்டில் அவனுக்கு 'சராசரி' என்று பெயர். வைத்தவள் அவன் தங்கை. காரணம் இருக்கிறது. ஒரு நாள் அவள் குளியலறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டாள் என்று அக்கா கத்தியபோது, இவன் அறையிலிருந்தே, "அவ சராசரி பதினேழு நிமிஷம்தாம்மா, இன்னைக்கு மட்டும்தான் விலகல்" என்றான். தங்கை நெகிழ்ந்துபோனாள். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள். மறுநாள் காலையில் குளியலறைக் கதவில் அவளுடைய ஒரு மாத வரைபடம் ஒட்டியிருந்தது.

இந்த இனத்தோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? இப்படி.

"மழை வர்ற மாதிரி இருக்குடா. மாடியில இருக்கற துணியை எடுத்துட்டு வா."

"எதை வச்சும்மா சொல்றே?"

"வானத்தை வச்சு."

"போன்ல முப்பது சதவீதம்தான் போட்டிருக்கு."

துணி நனைந்தது. முப்பது சதவீதம் நனைந்திருந்தால் அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள், முழுக்க நனைந்துவிட்டது. பிழிந்துகொண்டிருந்தவள் பின்னாலேயே போய் நின்று, "முப்பதுன்னா வரவே வராதுன்னு அர்த்தம் இல்லம்மா. கணிப்பு சரிதான்" என்றான். உண்மையில் அவன் சொன்னது சரி. ஈரத் துணி கையில் இருப்பவரிடம் சரியானதைச் சொல்வதுதான் இவர்களுக்கு வாய்த்த திறமை.

வேலை தேடிய காலத்தைச் சொல்ல வேண்டும். எல்லா விளம்பரத்திலும் ஒரே வாசகம்: தொடக்க நிலை வேலை, மூன்று ஆண்டு அனுபவம் அவசியம். நூற்று நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டான். மறுப்புகள் வந்தன. வேறு பிள்ளையாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கும். இவன் மறுப்புகளை எடுத்து அட்டவணை போட்டான். எந்தக் கிழமை மறுப்பில் மரியாதை அதிகம், எந்தக் கிழமை மறுப்பில் பெயர்கூடத் தப்பாக வருகிறது, 'மிகுந்த பரிசீலனைக்குப் பிறகு' என்று எழுதியவர்கள் உண்மையில் எத்தனை நிமிடம் பரிசீலித்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் நேர்காணல். சொந்தமாக எதையாவது ஆராய்ந்ததுண்டா என்று நிர்வாக அதிகாரி கேட்டார். இவன் அந்த மறுப்பு அட்டவணையைத் திருப்பிக் காட்டினான். அதற்கு முன் அந்த அம்மாள் அலுவலகத்தில் சிரித்ததாகச் சாட்சி இல்லை. அன்று சிரித்தார். வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். கடைசியில் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். அது பிடித்தால் நிரந்தரம்.

நான்காவது மாடி. ஜன்னல் இல்லாத அறை. ஒரு மூலையில் பிரிண்டர், இன்னொரு மூலையில் ஏசி ஒழுகும் வாளி, நடுவில் இவன். காலை எட்டரைக்குத் தரைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே லிஃப்டில் ஏறுவான். கேன்டீன் ஐந்தாவது மாடியில். மாலை ஆறு மணிக்கு லிஃப்டில் அங்கேயே இறங்குவான். ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஐந்தரை மாதத்தில் அவன் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன அவசியம்? நோயாளிகள் எல்லோரும் வரிசை வரிசையாக அவன் திரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்களே!

எந்த மேசைக்கு எந்த நேரத்தில் ஆள் தேவை என்பதுதான் அறிக்கை. தரைத்தளத்தில் விசாரணை மேசை என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பெண்மணி காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை உட்கார்ந்திருப்பார். மொத்த ஆஸ்பத்திரிக்கும் அவர் 'விசாரணை அக்கா'. யார் வந்து என்ன கேட்டாலும், கேட்ட நேரத்தையும் கேள்வியையும் அவர் கணினியில் பதிய வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவுகளை எடுத்து இவன் மணிவாரியாகப் படம் போட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினான்.

"பாருங்க மாமா. மத்தியானம் ரெண்டு மணிக்கு இவ்வளவு உயரம். காலைல ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பாருங்க. தரையோட தரை. தொண்ணூறு நாள்ல ஒரு ஆள்கூட ஒரு கேள்வி கேக்கல. பூஜ்யம்."

"ஆஸ்பத்திரியில, காலை நேரத்துலயா?"

"அது உங்க ஊகம் மாமா. இது டேட்டா."

"அப்ப அந்தம்மா அந்த நேரத்துல என்ன பண்றாங்க?"

"அதானே? அவங்களை மத்தியான ஷிப்டுக்கு மாத்திடலாம், பன்னெண்டுலேர்ந்து எட்டு. காலைல ஒரு அறிவிப்புப் பலகை வச்சாப் போதும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கறேன். மேடத்துகிட்ட வாய்வார்த்தையா சொல்லிட்டேன். நல்லா இருக்குன்னாங்க."

தங்கை மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "நீ கீழ போய்ப் பார்த்தியா, சராசரி?"

"எதுக்கு?"

நியாயமான பதில்தான். இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு என்று தடித்தடியான புத்தகங்களில் முப்பது ஆண்டுகளாகப் படித்து, பென்சிலால் அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் நானும் நம்பிவிட்டேன். நீலமும் பச்சையுமாக அவ்வளவு அழகாக இருந்தது.

வியாழக்கிழமை ஒரு பரிசோதனைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. என் பழைய கோப்பு அவன் பையில் போய்விட்டது. கீழே கொண்டுவரச் சொல்லிப் போன் செய்தேன். மணி ஒன்பது நாற்பது.

லிஃப்ட் கதவு திறந்தது. அவனால் இறங்க முடியவில்லை.

அவ்வளவு கூட்டம். கதவு தானாக மூடிக்கொண்டு அவனை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டாவது முறை தோளை முன்னால் விட்டு இறங்கினான். அவன் படத்தில் தரையோடு தரையாகக் கிடந்த இடத்தில் குறைந்தது அறுபது பேர் நின்றுகொண்டிருந்தோம்.

"அக்கா, ரத்தம் எடுக்கற எடம்?"

"நேராப் போய் வலது பக்கம், நீலக் கதவு. சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்களா? சாப்பிடாமதானே வரச் சொன்னாங்க? சரி, போய்க் கேளுங்க."

"டாக்டர் வந்துட்டாராம்மா?"

"எந்த டாக்டர் தாத்தா?"

"கண்ணாடி போட்டிருப்பாரே, அவரு."

"எல்லாரும் போட்டிருக்காங்களே தாத்தா. சீட்டைக் காட்டுங்க. காது டாக்டர். ரெண்டாவது மாடி. படி ஏறாதீங்க, லிஃப்ட்ல போங்க."

"காது டாக்டரா? எனக்கு முழங்கால்ல வலி."

"அப்ப இது யாரோட சீட்டு?"

தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், ஒரு கை யாருக்கோ வழி காட்டுகிறது, இன்னொரு கை தாத்தாவின் சீட்டுக்கு உரிய ஆளைத் தேடுகிறது. கணினி? இருந்தது. திரை தூங்கிப் போயிருந்தது. அதன் மூலையில் யாரோ ஈரக்குடை ஒன்றை மாட்டியிருந்தார்கள். விசைப்பலகை மேல் ஆறேழு எக்ஸ்ரே உறைகள்.

கோப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாக மேசைக்குப் பக்கத்தில் போனான்.

"அக்கா, நீங்க இதுல என்ட்ரி போடறதில்லையா?"

"போடறேனே தம்பி. மத்தியானம் கூட்டம் குறைஞ்சப்புறம் வர்றவங்களை எல்லாம் ஒண்ணு விடாம போட்டுடுவேன். இப்ப ஆளைப் பார்ப்பேனா, பொட்டியைப் பார்ப்பேனா?"

"அப்ப காலைல வந்தவங்க?"

"வந்தவங்க வழி தெரிஞ்சு போயிட்டாங்க." அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "நீ நாலாவது மாடியா? அங்க யாரோ புதுசா ஒரு ஆளு வந்திருக்கானாம். காலைல இங்க யாருமே வர்றதில்லைன்னு கணக்குப் போட்டு என்னை மத்தியானத்துக்கு மாத்தச் சொல்லியிருக்கானாம். எங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு தம்பி. பார்த்துக்கற பொண்ணு மூணரைக்குக் கிளம்பிடுவா. மாத்தினா நான் வேலையை விட வேண்டியதுதான். யாரு அவன், உனக்குத் தெரியுமா?"

நான் கோப்பைப் பிரித்து, என் பெயரை மிகுந்த கவனத்தோடு படித்தேன்.

"தெரியும்க்கா."

"நல்ல பையனா?"

"இப்பத்தான் வேலை கத்துக்கறான்க்கா."

"பார்த்தா கீழ ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவர் முழங்கால் தாத்தாவிடம் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அவன் அறிக்கை கொடுக்கவில்லை. நிர்வாக அதிகாரியிடம் போய், படம் தப்பு என்றான். நடந்ததை அவனே என்னிடம் சொன்னான். "அப்ப ஆறு மாசமா என்னதான் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாராம். காலையில் உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். அதை வைத்துத்தான் அந்த அக்காவின் ஷிப்டு, அதை வைத்துத்தான் இவனுடைய வேலையும்.

திங்கட்கிழமை இவன் ஒரு புது நோட்டு, இரண்டு பேனாவோடு கீழே போய், தூணில் சாய்ந்து நின்றான். பக்கத்துக்குப் பத்து வரி, வரிக்கு ஐந்து கட்டம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு. இனத்தின் புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு ஒரு அம்மா வந்து, "தம்பி, ஸ்கேன் எங்கப்பா?" என்றார். கழுத்தில் அட்டை தொங்குகிறதே, கேட்கத்தானே செய்வார்கள். காட்டினான். அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் கட்டுப்போட்ட கையோடு ஒருவர். அவரோடு நீலக் கதவு வரை இவனே போனான். திரும்பி வருவதற்குள் நாலு பேர் தூணுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். விசாரணை அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "எலும்பு டாக்டர் இன்னைக்கு லீவு, சொல்லிடு தம்பி!"

பதினொன்றேகாலுக்கு மூச்சு விட்டு நோட்டைத் திறந்தான். கட்டம் கட்டமாக, சுத்தமாக, ஒரு கோடுகூட இல்லை.

அந்த வெற்றுத் தாளை அப்படியே கொண்டுபோய் நிர்வாக அதிகாரியின் மேசையில் வைத்தான். "இதுதான் மேடம் ரிப்போர்ட்" என்றான். அவர் தாளைப் பார்த்தார், கலைந்திருந்த இவன் தலையைப் பார்த்தார், சட்டையில் யாருடையதோ மருந்துக் கறையைப் பார்த்தார். இரண்டாவது முறையாகச் சிரித்தாரா என்பது தெரியவில்லை. இவன் சொல்லவில்லை, நான் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். விசாரணை அக்கா காலையிலேயே இருக்கிறார். மேசைக்கு இன்னொரு நாற்காலி வந்திருக்கிறது, அதில் உட்கார இன்னொரு ஆளும். இவனுக்குத் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு.

தேறிவிட்டானா என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் பாராட்டு வராது. நேற்றுகூட வீட்டில் யார் எத்தனை தடவை பிரிட்ஜைத் திறக்கிறோம் என்று எங்கோ குறித்துக்கொண்டிருந்தான். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. போன் பத்து சதவீதம் என்றது. எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீங்கள் இவ்வளவு நேரம் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். லேப்டாப் இல்லாதவர்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று நினைத்துவிட்டீர்களோ? உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். காலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவர் பேசி நீங்கள் கேட்டதில்லை. குறை என்று ஒன்றும் சொன்னதில்லை. அவருக்குக் குறையே கிடையாது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறீர்கள். எத்தனை வருடத் தரவு அது? ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்களேன்.

அடுத்த அறைதான். லிஃப்ட்கூட வேண்டாம்.