வாடகைக் காரை ரத்து செய்துவிடு

பிரேசர் டவுன்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் நோயலுக்கு,

அத்தான் கில்பர்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் உன் அக்கா யூனிஸும் நலம். கார் எங்களைவிட நலம். அங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் நீயும் லவினாவும் உங்கள் மகள், கல்யாணப்பெண் ஜோவிதாவும் நலமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்லும்போது உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். போன மாதம் நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வழியில் மேம்பாலத்தின் நடுவே என் கார் நின்றுபோய், நீ கோட்டு சூட்டோடு இறங்கித் தள்ளிய நாளிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் பேப்பரில் எழுதி, உங்கள் பக்கம் வேலைக்குப் போகிற எதிர்வீட்டு லாயிட் கையில் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் ஒன்றுதான். சனிக்கிழமை ஜோவிதாவை நம் கோயிலுக்கு அழைத்து வர நீ வாடகைக் கார் பேசியிருக்கிறாயாம். உடனே ரத்து செய்துவிடு. நம் குடும்பத்தில் நான்கு பெண்கள் என் காரில் ஏறித்தான் கல்யாணத்துக்குப் போனார்கள், நான்தான் ஓட்டினேன். ஐந்தாவது தான்தான் என்று ஜோவிதாவே பத்து வயதில் முன்சீட்டில் உட்கார்ந்து எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நீ கம்ப்யூட்டர் ஆள், விளக்கிச் சொன்னால்தான் நம்புவாய். டீசல் இன்ஜின் விடுகிற புகையில் கொஞ்சத்தைத் திரும்ப அதன் வாய்க்கே அனுப்பி, இன்னொரு முறை உள்ளே இழுக்கவைக்க ஒரு வழி இருக்கிறது. ஊர்க் காற்று கெடாமல் இருக்க அந்த ஏற்பாடு. முதல் டிக்காஷன் இறங்கிய தூளிலேயே இரண்டாவது டிக்காஷன் இறக்கி யூனிஸ் உனக்குக் காபி கொடுப்பாளே, ஏறக்குறைய அதுதான். அந்த வழியைத் திறந்து மூடுகிற கதவுக்கு ஈஜிஆர் வால்வ் என்று பெயர். பதினாறு வருஷக் கரி படிந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் அது வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டது. உள்ளே புகையே நிறைந்தால் இன்ஜினுக்கு மூச்சு எங்கே வரும்? மேம்பாலத்தில் நின்றதும் அதனால்தான், மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்ததும் அதனால்தான். சிவாஜிநகர் மெக்கானிக் பானட்டைத் திறந்து இரண்டு நொடி பார்த்துவிட்டு, "வால்வ் கதம் சார், போயிடுச்சு. நயா போட்ருங்க, இல்லாட்டி கல்யாணத்துல பேஜாராயிடும்" என்றான். முப்பத்தைந்து வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவனிடம் வந்து கரியைப் பற்றிப் பேசுகிறான்! வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நானே வால்வைக் கழற்றினேன். நான்கு போல்ட்டில் மூன்று மரியாதையாக வந்தன, நான்காவது தலையை மட்டும் கொடுத்தது, பரவாயில்லை, மூன்றே தாராளம். வால்வை யூனிஸ் கேக் மாவு கலக்குகிற பாத்திரத்தில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தேன், அது பழையது இல்லை என்பது மறுநாள் காலை யூனிஸ் போட்ட கூச்சலில்தான் தெரிந்தது. வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் கிழிந்திருந்தது. கடைக்கு யார் போவது என்று யோசித்தபோது மேசைமேல் ஜோவிதாவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று மிச்சம் இருந்தது. அருமையான அட்டை மச்சான், நல்ல கனம். அதையே வெட்டிப் பொருத்திவிட்டேன். உன் பெயர் சூட்டில் படாமல் பார்த்துத்தான் வெட்டினேன், மாப்பிள்ளை வீட்டார் பெயர் கொஞ்சம் கருகியிருக்கும். பிறகு வண்டியைக் கிளப்பி ஒரு மிதி மிதித்தேன் பார், உள்ளே இருந்த கரி அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மௌரீன், பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் காம்பவுண்டு ஓரமாகக் காயப்போட்டிருந்தாள். சனிக்கிழமை பூசையில் பாடப்போகிறவர்களின் பன்னிரண்டு அங்கிகள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "கில்பர்ட் அங்கிள், சனிக்கிழமை வெட்டிங்கா, ஃபியூனரலா?" என்று கேட்டாள். இரண்டு தடவை மறுபடி துவைத்ததில் இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை மாதிரிதான் இருக்கும். ஜோவிதா காதில் போட்டுவிடாதே.

செவ்வாய் முழுக்க மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் அசரவில்லை. காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு நம்பிக்கை வர இரண்டு நாள் ஆகும். நேற்றுக் காலை யூனிஸ் வண்டியை உள்ளும் புறமும் துடைத்து, வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா ஸ்டிக்கரை, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று மீட்டர் போர்டு கண்ணாடியிலேயே ஒட்டினாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். விளக்கு இல்லை! கோல்ஸ் பார்க்கை மூன்று சுற்று சுற்றினேன், விளக்கு வரவேயில்லை. "எல்லாம் மாதாவோட கருணைங்க" என்றாள் யூனிஸ். கருணையாகவே இருக்கட்டும், கரியைத் தேய்த்தது யார் என்று மாதாவுக்கே தெரியும். மேட்டில் மட்டும் வண்டி கொஞ்சம் திணறுகிறது, லேசாகக் காகிதம் கருகுகிற வாசனையும் வருகிறது, புது கேஸ்கெட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். ஸ்டிக்கரும் நல்ல சரக்கு. சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் மாதாவின் தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மட்டும் தங்கம் மாதிரி ஜொலிக்கிறது. அச்சுத் தொழில் எங்கேயோ போய்விட்டது மச்சான்.

ஆகவே சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். அதே மேம்பாலம் வழியாகவே ஜோவிதாவை அழைத்து வருவேன். வெள்ளை ரிப்பன் வாங்கி, பானட்டில் கட்டியும் பார்த்துவிட்டேன். ஜோவிதாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. லவினாவை நானும் யூனிஸும் விசாரித்ததாகச் சொல். உன் கோட்டில் பட்ட கிரீஸ் போய்விட்டது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தன் காரையும் உன் நல்ல மனசையும் நம்பும் அத்தான்,
கில்பர்ட்.

பின்குறிப்பு: கடிதத்தை வாங்க லாயிட் வந்தான். பெருமையாகச் சாவியைத் திருகிக் காரைக் காட்டினேன். "ஸ்டிக்கர் கோணலா இருக்கே அங்கிள்" என்று நகத்தால் ஓரத்தைத் தூக்கினான். மாதாவுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கிறது. ஒளிவட்டம் அதுதான். யூனிஸைக் கேட்டதற்கு, "அந்த லைட்டப் பாத்துப் பாத்து நீங்க ஒரு வாரமா சரியா சாப்பிடல. அதான் மாதாவை அதும்மேல வெச்சேன்" என்கிறாள். அவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? திரும்ப எழுத நேரமில்லை, லாயிடின் கம்பெனி பஸ் வந்துவிட்டது. வாடகைக் காரை ரத்து செய்யாதே. செய்துவிட்டாயானால் மறுபடியும் பேசு, கொஞ்சம் பெரிய வண்டியாகப் பேசு, நாங்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் அங்கே வந்துவிடுகிறோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கோயில் வாசலில் வண்டி நின்றதும் அந்த டிரைவர் இறங்கக் கூடாது. ஜோவிதாவுக்குக் கதவை நான்தான் திறந்துவிடுவேன்.