போவது நாற்பது, திரும்புவது இரண்டு

காலை ஏழு மணி ரேடியோ சபையில் முப்பத்தெட்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த நேரத்தில், ரேடியோக்காரர் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.

"போவது நாற்பது. திரும்புவது இரண்டு."

ரேடியோக்காரர் சட்டென்று மைக் பொத்தானை விட்டார். விட்டு என்ன பயன்? குரல் அதற்குள் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"யாருங்க அந்தம்மா? புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"என் சம்சாரம்தான்" என்றார் ரேடியோக்காரர். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கால் இடறினால் கை தானாகச் சுவரைத் தேடுமே, அப்படி வந்தது. "மீட்டரைப் பார்த்துச் சொல்றாங்க. சும்மா ஒரு ஒத்தாசைக்கு."

அந்தக் குரல் சம்சாரத்துடையது அல்ல. மீட்டருடையது.

ரேடியோக்காரர் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். மேஜையின் மறுகோடியில் கிடக்கும் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாராம். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரே சொல்லியிருக்கிறார், பல தடவை. ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் அமெச்சூர் ரேடியோதான். உரிமம் வாங்கி, முன்னறையில் ஒரு செட்டை வைத்து, மாடியில் ஏரியல் கம்பம் நட்டு, முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக அழைத்து, யாருக்கு முதுகுவலி, யார் செட்டில் புகை வருகிறது என்று விசாரிக்கும் அழைப்பாளர் வேலை பதினாறு வருஷமாக அவருடையது. ஏழு முதல் எட்டு வரை அவர் இல்லாமல் சபையில் ஒன்றும் அசையாது. மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் அவர் இல்லாமலே உலகம் நன்றாக அசைந்தது. அதனாலேயே அந்த ஒரு மணி நேரத்தை அவர் உயிரைப் போலப் பிடித்து வைத்திருந்தார்.

இரண்டு வருஷமாக, எதைப் பார்த்தாலும் நடுவில் மை கொட்டின மாதிரி ஒரு கறை. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் தெரியும். "இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் சம்சாரத்துக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு. தபால் பெட்டியிடம் "சௌக்கியமா?" என்று கேட்ட அன்றே தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. தெருவுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

சபைக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் கோபப்படமாட்டார்கள். "பாவம், அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அன்பாகப் பேசியே நாற்காலியை உருவிவிடுவார்கள்.

செட்டில் பேசும்போது கம்பத்துக்கு எவ்வளவு சக்தி போகிறது, ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டரின் முள் காட்டும். திரும்புவது கூடினால் செட்டு கருகும். முள் கண்ணுக்கு எட்டாமல் போனதும், மகள் யாரிடமோ சொல்லி, தமிழில் வாய்விட்டுக் கணக்குச் சொல்லும் மீட்டர் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி அனுப்பினாள். நல்ல சாமான். அதன் குரலைக் குறைக்கவும் வழி உண்டு. அந்த வழி விளக்கத்தாளில் இருந்தது. பார்வை குறைந்தவர்களுக்கான கருவியோடு வந்த விளக்கத்தாளில் எழுத்து எறும்பு முட்டை அளவு.

"குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள் சம்சாரம்.

"எனக்கா? நான் பார்க்காத தாளா?"

தாள் மேஜை டிராயருக்குள் போனது. மறுநாள் மீட்டரைக் கம்பளியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். குரல் நிற்கவில்லை. அமுங்கி, இழுத்து, விம்மலாக வந்தது. "போ...வது... திரும்பு...வது..."

"என்னங்க, அம்மா அழறாங்களா?" என்று பதறியது சபை.

"நேத்து பேசினதுக்குத் திட்டிட்டீங்களா? பாவங்க!"

"எங்க வீட்டுல நான் மைக்கைத் தொட்டாலே செட்டை எடைக்குப் போட்டுடுவேன்னு மிரட்டுறா. நீங்க குடுத்து வச்சவரு. அந்தம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க!"

இந்த இடத்தில் 'விதிப்புத்தகம்' என்று பெயர் எடுத்த ஒருவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிதான். உரிமம் இல்லாதவங்க குரல் நம்ம சபையில வரக்கூடாதுன்னு விதி இருக்கே. அவங்ககிட்ட உரிமம் இருக்கா?"



"பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார் ரேடியோக்காரர். போதாதென்று தோன்றியது போலிருக்கிறது. "அடுத்த மாசம் எழுதறாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாழ்த்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு கனத்த குரல் வந்தது. ரேடியோ சங்கத் தலைவர். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். ஐந்தாவது வார்த்தை பேசினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் நேர்ல வரேன். அம்மாவைப் பார்க்கணும். உங்க நிலையத்தையும் பார்க்கணும்."

பதினாறு வருஷத்தில் இருவரும் நேரில் சந்தித்ததில்லை.

"நான் எப்பங்க வாட்டு, வோல்ட்டுன்னு படிச்சேன்?" என்று அன்று மாலை சம்சாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு நாள் தலையாட்டினா போதும்."

"உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு ஆட்ட ஆரம்பிச்ச தலை. இன்னும் நிக்கல. ஏங்க, கண்ணு சரியா தெரியலன்னு சொல்லிட்டா என்ன? கொலையா பண்ணிட்டீங்க?"

"சொன்னா இடம் போயிடும்."

"போனா போகட்டுமே."

அவர் மைக்கின் சுருள் கம்பியை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "போனா, காலையில எழுந்திரிச்சு நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றார் கடைசியில்.

சம்சாரம் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டாள். "எங்கக்கா வீட்டுக்குப் போறேன். பொய் உங்களுது, வர்றவருக்கு நீங்களே பரிமாறுங்க. டீ பிளாஸ்க்ல இருக்கு." வாசலில் நின்று மாடியைப் பற்றியும் ஏதோ சொன்னாள். இவர் ஹெட்போனைக் கழற்றி "என்னது?" என்று கேட்பதற்குள் கேட் சாத்தும் சத்தம்தான் கேட்டது.

பேசும் மீட்டரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பழைய முள் மீட்டரைத் துடைத்து மேஜைமேல் உட்கார வைத்தார். வாசலிலிருந்து மேஜைக்கு ஏழு அடி. மாடிக்குப் பதினெட்டுப் படி. மூன்று தடவை நடந்து பார்த்தார். நான்காவது தடவை ஸ்டூலில் இடித்துக்கொண்டார். ஸ்டூலும் அலமாரிக்குப் பக்கத்தில் தள்ளப்பட்டது.

பத்து மணிக்கு ஒரு பெரிய உருவமும், அதை ஒட்டினாற்போல ஒரு சின்ன உருவமும் உள்ளே வந்தன. பெரியது தலைவர், சின்னது அவருடைய டிரைவர்.

"மூட்டு வலி. இவன் தோளைப் பிடிக்காம நடக்க முடியறதில்லை" என்று தலைவர் சிரித்தார். "அம்மா எங்க?"

"அவசரமா அவங்க அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதாப் போச்சு."

"அடடா. பார்க்கணும்னு ரொம்ப ஆசையா வந்தேன்." தலைவர் கொஞ்சம் தயங்கினார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவங்க எதுக்கு மீட்டரைப் படிச்சுச் சொல்றாங்க? உங்களுக்குக் கண்ணு... ஏதாவது..."

வந்துவிட்டது பொறி! ரேடியோக்காரர் ஒரே தாவலில் அதைத் தாண்டினார்.

"சேச்சே! எனக்கென்ன? கழுகுக் கண்ணு. பிழை திருத்தினவனாச்சே! அவங்களுக்குப் பொழுது போகணுமேன்னுதான்."

"ஓ" என்றார் தலைவர். சற்றுக் கழித்து இன்னொரு "ஓ". இரண்டாவது முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது.

"இதுதான் மீட்டர்" என்று ரேடியோக்காரர் மேஜையைத் தடவாமல், எண்ணி வைத்த தூரத்தில் கையை நீட்டிக் காட்டினார்.

தலைவர் குனிந்தார். "நல்ல பெரிய முள். பளிச்சுன்னு தெரியுது."

"எனக்கும் பளிச்சுன்னுதான் தெரியுது."

டிரைவர் இருமினார்.

மாடியில், காலைச் சபை முடிந்தபின் வந்த பெயிண்டர்கள் அடித்துவிட்டுப் போயிருந்த புதுப் பெயிண்டின் நெடி மூக்கைத் துளைத்தது. ரேடியோக்காரர் பதினெட்டாம் படியிலிருந்து நாலு எட்டு வைத்து, மார்பை நிமிர்த்தி, வானத்தைக் காட்டினார். "அதோ! நானே நட்டது. எப்படி நிக்குது பாருங்க."

தலைவர் அண்ணாந்தார். "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"எப்பேர்ப்பட்ட காத்துக்கும் அசையாது."

"அசையலையே!"

டிரைவருக்கு இருமல் நிற்கவே இல்லை. கீழே போய்த் தண்ணீர் குடிக்கும்படி ரேடியோக்காரர் கரிசனத்தோடு சொன்னார். அவர் போகாமல் தலைவரின் முழங்கையருகிலேயே நின்றார்.

டீயைக் குடித்துவிட்டுத் தலைவர் எழுந்தார். "நீங்களே சபையை நடத்துங்க. நல்லா கண்ணு தெரியறவங்க கையில இருக்கிறதுதான் சரி." குரலில் கனம் போயிருந்தது. வந்தபோது இருந்த ஆவல், போகும்போது இல்லை.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரேடியோக்காரர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜெயித்தாயிற்று. இடம் நிலைத்தாயிற்று. ஆனாலும் ஏனோ தலைவரின் அந்த இரண்டாவது "ஓ" காதைவிட்டுப் போக மறுத்தது. ஏமாந்துபோன மனிதனின் "ஓ" அது. கண் நன்றாகத் தெரிகிறது என்று கேட்டு யாராவது ஏமாந்து போவார்களா?

கேட் மறுபடி திறந்தது. டிரைவர் மட்டும் வந்து வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, எதையாவது மறந்துட்டாரா?"

"இல்லைங்க ஐயா. மனசு கேக்கல, அதான் வந்தேன். உங்க கம்பத்தைப் பெயிண்டர்காரங்க கழட்டி, சுவரோரமாப் படுக்க வச்சிருக்காங்க. நீங்க காட்டின இடத்துல வெறும் வானம்தான் இருந்துச்சு."

ரேடியோக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்ப தலைவர்... நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுன்னு சொன்னாரே?"

"அவருக்குப் பார்வை போயி பத்து வருஷம் ஆச்சுங்க, மீட்டர் படிச்சுச் சொல்ல உங்க வீட்டுலயும் ஒரு ஆள் இருக்குன்னதும், தன்னை மாதிரி இன்னொருத்தர் கிடைச்சாச்சுன்னு ஓடி வந்தாரு, இப்ப வண்டியில மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு — உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சுங்க?"