சந்தகை வாத்தியார்

சேலம் ஜில்லாவிலேயே எழுத்தைத் தின்னக் கொடுத்த வாத்தியார் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் பிரம்படியைத்தான் கொடுத்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்த உதவி வாத்தியார். ஒன்றாம் வகுப்பு சந்தகை வாத்தியாருடையது. நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தினமும் ஒரு தூக்கு நிறையச் சந்தகையோடு வருவார். இடியாப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். வாழையிலையில் அதை வளைத்து ‘அ’ போடுவார்.

“கண்ண மூடித் தடவிப் பாரு சாமி. பேரச் சொன்னாத் தின்னுக்கலாம்!”

பொன்னாயி என்றொரு சிறுமி. மனக்கணக்கில் புலி. எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுவாள்.

“எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுதுங்க!”

நான் அவளுக்கு ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் அப்பாவோ ஒரே முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்: “இன்ஸ்பெட்டர் முன்னால படிச்சாப் பள்ளிக்கோடம். இல்லீனா பருத்திக்காடுங்க.”

சந்தகை வாத்தியார் அசரவில்லை. “எறும்பு ஓடுனா ஓடட்டும். புடிச்சு வாயில போடு சாமி!” என்றார். ‘ழ’ ஒன்றுக்கே ஆறு நாள் பிடித்தது. பொன்னாயிக்கு அஜீரணம், சந்தகை பிழிந்த வாத்தியார் சம்சாரத்துக்குத் தோள்பட்டை வலி.

இன்ஸ்பெக்டர் வந்தார். தஞ்சாவூர்க்காரர். பலகையில் ‘வீடு’ என்று எழுதி, “படி” என்றார்.

பொன்னாயி கண்ணை மூடினாள். விரலால் காற்றில் வளைத்தாள். எச்சில் விழுங்கினாள். “ஊடுங்க!”

“தப்பு” என்றார் இன்ஸ்பெக்டர்.

சந்தகை வாத்தியார் துள்ளி எழுந்தார். “ஏனுங்க, புள்ள சரியாத்தானுங்க படிச்சுது. இந்த ஊருல ஊட்டுக்குப் பேரே அதானுங்க! வேணும்னா எழுதச் சொல்லிப் பாருங்க.”

பொன்னாயி சிலேட்டில் ‘வீ’ போட்டாள். சுழி பிசகவில்லை. ‘டு’வும் போட்டாள். போட்ட வேகத்தில், பழக்கதோஷம், சிலேட்டை நக்கியும் விட்டாள். இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்றது. பாஸ்! பருத்திக்காட்டிலிருந்து தப்பித்தாள்.

மறுநாள் மத்தியானம் சந்தகை வாத்தியார் என் முன்னாலும் ஓர் இலையைப் போட்டார். மூன்றே எழுத்து வளைத்து, நடு எழுத்துக்கு ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.

“படிங்க தம்பி.”

“மக்கு” என்றேன்.

“சரியாப் படிச்சீங்க. தின்னுபோடுங்க.”

தின்றேன். அந்த வார்த்தை அதற்கப்புறம் எந்தப் பிள்ளையைப் பார்த்தும் என் வாயில் வந்ததில்லை. எனக்குத் தொண்டையில் சிக்கக் கூடாதென்று, மேலே தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொடுத்தாரே, மகராசன்!