காகிதப் பெண்களுக்குச் சட்டை தைத்த ஊசி அக்கா

கேமரன் மலையில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. ஊசி அக்காவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே அவர் ஒருவர்தான் தையற்காரி. அவரிடம் அளவு கொடுக்கும்போது கங்காணியே வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்.

நான் அப்போது திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையின் மலாய்ப் பதிப்பை வாங்கி வருவேன். ஆகாயக் கப்பலில் புதையல் தேடுகிற கூட்டத்தின் கதை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் புதையல் கிடைத்தபாடில்லை.

ஒருநாள் தைக்கக் கொடுத்த துணியோடு அந்தப் புத்தகமும் போய்விட்டது. எடுக்கப் போனால், அக்கா அதை மிஷின்மேல் விரித்து, படத்திலிருந்த பெண்ணை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

“தம்பி, இங்க வா. பனி கொட்டுது. ஆம்பளைங்க எல்லாம் கழுத்து வரைக்கும் கோட்டு போட்டிருக்கானுங்க. இந்தப் புள்ள மட்டும் ஏன் உள்பாடியோட நிக்குது?”

“அது ஸ்டைல் லா, அக்கா.”

“ஸ்டைலா? நீ அப்படியே பிரிஞ்சாங் பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தைக் குளிர்ல போய் நில்லு, ஸ்டைலைப் பாப்போம். இடுப்பைப் பாரு, என் மணிக்கட்டு தண்டி. ஈரல் எங்கடா இருக்கும்? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி வேற. முடியை மாத்திட்டா வேற ஆளாயிடுமா?”

அன்றிலிருந்து நான் கதை சொல்ல, அவர் திட்ட, அதுவே வழக்கமாகிவிட்டது. “இதை எழுதுறவன் கதையில அம்மான்னா வருவா, சோறு ஊட்டுவா, செத்துப் போவா. அதை நெனச்சு மவன் பெரிய வீரனாவான். அடப்பாவி, அதுக்கா பெத்தா?”

திட்டியதோடு விட்டாரா? மீந்த துணிகளில் அந்தப் பெண்களுக்கெல்லாம் முழு ஆள் உயரச் சட்டைகள் தைத்தார். ஒரு சாயங்காலம் அவை கொடியில் தொங்கின. மூடுபனி இறங்கியிருந்தது, காற்று துளிகூட இல்லை. சட்டைகள் உள்ளே ஆள் இருப்பதுபோல உப்பி, மெதுவாக இப்படியும் அப்படியும் திரும்பின. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

“பயப்படாத, போட்டுப் பாக்குதுங்க” என்றார் அக்கா, பட்டன் தைத்தபடியே. மறுநாளிலிருந்து கங்காணி அந்த வழியாக வேலைக்குப் போவதை விட்டுவிட்டார்.

அந்தக் கதையில் ஒரே ஒரு வாள்காரி மட்டும் ஆண்களோடு சரிக்குச் சரியாக மோதுவாள். அக்காவுக்கு அவள்மேல் உயிர். கல்யாணம் ஆகாமலே காய்ச்சலில் போன தன் மகளும் அதே முறைப்பு முறைப்பாளாம். அப்படி இறந்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் லயத்து வீடுகளின் வழக்கம். பண்டிகைக்கு முன்னால் புதுத்துணி தைத்து, விளக்கின் முன் வைப்போம்.

ஒரு புத்தகம் வாள்காரியின் நெஞ்சில் கத்தி இறங்குவதோடு முடிந்துவிட்டது. அவ்வளவுதான், லயத்தின் தீபாவளித் துணிகள் எல்லாம் அப்படியே மூலையில் கிடந்தன.

“ஒரு தடவை பறிகொடுத்தது போதும், தம்பி. இவளாவது பொழைக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த புத்தகம் வந்ததும் கடையிலேயே புரட்டினேன். கொட்டும் மழையில் செத்துவிட்டாள். கதாநாயகன் அழுவதற்குப் பக்கம் பக்கமாக இடம், அவளுக்கு ஒரு வரி. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? மலை ஏறும் வழியெல்லாம் அதே யோசனைதான்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கு எரிகிறது. முன்னால் மகளுக்கு வைத்த பாவாடை சட்டை. பக்கத்தில் புதிதாக, வாள்காரியின் அளவில் ஒரு முழுக்கைச் சட்டை. புத்தகத்தை நான் பையிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை.

“அக்கா… யாரு சொன்னா?”

“மத்தியானமே வந்துட்டா. தொப்பலா நனைஞ்சு போயி.”

பெஞ்சைக் காட்டினார். பலகையில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம். அன்று மழையே இல்லை.

“அந்தக் கதையில அவளுக்குன்னு யாரு இருக்கா, சொல்லு? இங்கயே இருக்கட்டும். என் மவளுக்கும் ஒரு தொணை.”

இப்போதும் தோட்டத்துக்குப் போனால், அந்த பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டு ஓரத்தில்தான் உட்காருகிறேன். அதைப் பார்த்து அக்கா சிரிக்கும்போது எனக்குப் பயமெல்லாம் போய்விடுகிறது.