என் பித்தப்பைக்கு நடந்த தேர்தல்

கல்யாணமான பெண்ணின் வயிறு பொதுச்சொத்து என்பது எனக்குத் தெரிந்ததுதான். "ஏதாவது விசேஷமா?" என்று கேட்காதவர் யார்? ஆனால் அந்த வயிற்றுக்கு ஒரு தேர்தலே நடத்துவார்கள் என்று சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை.

பித்தப்பையில் கல். சாப்பிட்டால் போதும், வலது விலாவுக்குக் கீழே உயிர் போகும். புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் நாங்கள் பார்த்த சர்ஜன் அம்மா இரண்டு வழி சொன்னார். வழக்கம்போல வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு எடுக்கலாம். அல்லது தொப்புள் வழியாக ஒரே துளை, தழும்பு வெளியே தெரியாது. புது ஸ்கேனோடு வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எனக்கோ, மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருப்பேனா என்பதே பயம். (கோயம்புத்தூரில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.)

என் வீட்டுக்காரர் ஐ.டி. மேனேஜர். குக்கர் வாங்குவதற்கே வாக்கெடுப்பு வைத்த மனிதர். 'சுமதிக்குப் பித்தப்பை ஆபரேஷன்: ஒரு துளையா, நாலு துளையா?' என்று இங்கிலீஷில் வாட்ஸ்அப்பில் தட்டினார். அண்ணன் தம்பிகள் குரூப்புக்காம். போய் விழுந்தது எங்கள் ஹவுசிங் சொசைட்டி குரூப்பில்.

உடனே அழித்துத் தொலைத்திருக்கலாம் அல்லவா? "நல்ல ரெஸ்பான்ஸ் வருது, இருக்கட்டும்" என்றார்.

லிஃப்டில் பி விங் காக்கு, அதாவது மராத்தி மாமி, என் முகத்தைப் பார்க்காமல் புடவை மடிப்பையே பார்த்தாள். மூன்றாம் மாடி ரிட்டயர்டு கர்னல் ஒரு துளைக்கு வீடு வீடாக ஆதரவு திரட்டினார். அவருக்கு என் தொப்புளில் என்ன அக்கறை? செகரெட்டரி தன் பங்குக்கு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று அறிவித்தார். (நாங்களே வாடகைக்குத்தான் இருக்கிறோம். அதாவது, எனக்கு ஓட்டு இல்லை.)

ஸ்கேனோடு டாக்டரிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "மெஜாரிட்டி ஒரு துளைக்குத்தான், டாக்டர்" என்றார். கதையைக் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார்: "பேட் கிஸ்கா ஹை?" வயிறு யாருடையது?

"மேரா" என்றேன். என்னுடையதுதான் என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு அவர் என்னிடம் மட்டும் பேசினார். பித்தப்பை வீங்கியிருக்கிறது. ஒரே துளை என்றால் கருவிகள் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நாலு துளை என்றால் தெளிவாகப் பார்த்து வெட்டலாம், இப்போதைக்கு அதுதான் பத்திரம். என் மயக்க மருந்துப் பயத்தையும் பொறுமையாகக் கேட்டார். நாலே போடுங்கள் என்றேன்.

இவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஓட்டுப் போட்டவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"ஏனுங்க, அவுங்கவுங்க வயித்துல ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நானும் எழுந்துவிட்டேன். கர்னல் மட்டும் இன்றுவரை எனக்கு குட் மார்னிங் சொல்வதில்லை.

போன மாதம் இவருக்கு மூலம். லேசரா, கத்தியா, யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா போனைக் கையில் எடுத்தேன். உட்காரவே முடியாதவர் சோபாவைத் தாண்டிக் குதித்து வந்து அதைப் பிடுங்கினார்.

செகரெட்டரி அறிவித்த நாளிலிருந்து, ஹோட்டலா சினிமாவா என்றால்கூட எங்கள் மகள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். அப்போதும் விடவில்லை.

"அப்பா, வாடகைக்கு இருக்கறவங்க ஓட்டுப் போடலாமா?"