நிகோபுலஸ் தலையில் விழுந்த முளைப்பானை

ஆண்ட்ரோஸ் தீவில் திராட்சைத் தோட்டமும் பெரிய மனசும் உள்ள என் மைத்துனர் லிசானியாஸ் அவர்களுக்கு, ஏதென்ஸிலிருந்து உங்கள் தங்கை மெலித்தாவின் கணவன் ஆர்கிப்பஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. அதீனா தேவியின் தயவில் இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக ‘நலம்’ என்று எழுதுவேன்; இந்த முறை உயிரோடு இருப்பதே பெரிய சேதி. அங்கே அக்கா, குழந்தைகள், அந்த நொண்டிக் கழுதை எல்லாரும் சுகந்தானே?

போன கோடையில் குலுக்கலில் என் பெயர் விழுந்து நான் நகரத் தெருக் கண்காணிப்பாளன் ஆனது உங்களுக்குத் தெரியும். செருப்புத் தைக்கிறவனுக்கு அரசாங்கப் பதவியா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனாலும் ஒரு வருஷமாக ஒழுங்காகத்தான் பார்த்தேன். தெருவில் சாணி கிடக்கக் கூடாது, மேல்குழாயிலிருந்து போகிறவன் தலையில் தண்ணீர் கொட்டக் கூடாது, வீட்டு மாடத்தைத் தெருவுக்குள் நீட்டக் கூடாது, யாராவது தெருவில் செத்துக் கிடந்தால் அப்புறப்படுத்த வேண்டும், இவ்வளவுதான் வேலை. எதிர்வீட்டு நிகோபுலஸ் மாடத்தை நீட்டினான், நான் இடிக்கச் சொன்னேன். இது தப்பா மச்சான்? அவன் விடிவதற்கு முன்பே நீதிமன்ற வாசலில் போய் நிற்கிறவன். வழக்கு நடக்காத நாளில் அவன் தொண்டையில் எதுவும் இறங்காது. நடுத்தெருவில் நின்று கத்தினான்: “பதவி முடியட்டும்டா ஆர்கிப்பஸ்! விசாரணையில உன்னை நிக்க வெச்சு உன் தோலை உரிச்சே ஒரு ஜோடி செருப்புத் தைக்கிறேன் பாரு!” பதவி முடிந்து இறங்குகிறவன் மேல் எவன் வேண்டுமானாலும் எழுந்து குற்றம் சொல்லலாம் என்பது நம் ஊர்ச் சட்டமாயிற்றே. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தபோது அடோனிஸ் விழா வந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் உடைந்த பானைகளில் கீரையும் சோம்பும் முளைக்க வைத்து, எங்கள் கூரைக்கு ஏற்றி, இளம் வயதில் செத்துப்போன அடோனிஸை நினைத்து மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்பதால் நான் கீழே உட்கார்ந்து தோல் அறுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே “ஐயோ!” என்று மெலித்தாவின் குரல். அடுத்த நொடி வாசலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தலைமுழுக்க மண்ணும் சோம்புமாக நிகோபுலஸ் மல்லாந்து கிடக்கிறான். கையில் ஓர் அளவுகோல். எங்கள் வாசற்படி தெருவுக்குள் எத்தனை விரற்கடை நீண்டிருக்கிறது என்று, விசாரணைக்காகக் குனிந்து அளந்துகொண்டிருந்திருக்கிறான்!

கூட்டம் கூடிவிட்டது. மீன்காரன் பார்மெனோன் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: “விசாரணைக்குப் பத்து நாள் முன்னாடி, புகார் சொல்றவன் மண்டையிலயே விழுந்திருக்கு பாருங்கய்யா. என்ன நேக்கா விழுது பானை!” பானை தானாக விழுந்து ஆள் செத்தால் பானை மேல் வழக்கு நடத்தி அதை எல்லைக்கு வெளியே எறிவார்கள், அதோடு தீர்ந்தது. ஆனால் மெலித்தா கையிலிருந்து நழுவியதைப் பத்துப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அவன் செத்தால் அவள் நாடு கடத்தப்படுவாள். நான் சொல்லித்தான் போட்டாள் என்று பார்மெனோன் வாய் நிரூபித்துவிட்டால், கொலை வழக்கை விசாரிக்கும் ஆரெஸ் குன்று நீதிமன்றம் என் கழுத்தோடு கணக்கை முடித்துவிடும்.

வைத்தியர் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். “அசைக்காதீங்க. இங்கேயே கிடக்கட்டும். மூணு நாள் தாண்டினா பார்க்கலாம்” என்றார். ஆக, எவன் ஒழிய வேண்டுமென்று ஒரு வருஷமாக நான் வேண்டிக்கொண்டேனோ அவனை என் விருந்தறைக் கட்டிலிலேயே கிடத்தி, அவன் சாகக் கூடாது என்று நோய் தீர்க்கும் சாமி அஸ்கிலீபியஸ் கோயிலுக்குச் சேவல் நேர்ந்துகொண்டேன் மச்சான்! நாள் முழுக்க அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதே என் வேலை. நின்ற மாதிரி இருந்தால் என் நெஞ்சும் நின்றது. மெலித்தா மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. “என் கைதான் தவறிச்சு. நான்தான் போகணும். எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. புள்ளைங்களுக்கு ராத்திரி கால் குளிரும், போர்த்தி விடுங்க” என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை அவன் கண் விழித்தான். விழாவின் கடைசி நாள். தெருவெங்கும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, “போயிட்டியே ராசா!” என்று ஒப்பாரி வைத்தபடி அடோனிஸ் பொம்மையை நீரில் விடத் தூக்கிப் போகிறார்கள். நிகோபுலஸ் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். “யாருடா செத்தது?”

நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

“நானா?”

“சேச்சே, நீ இருக்கே. இருக்கே” என்றேன்.

“அப்ப செத்துட்டேன்னு நெனச்சுட்டாங்களா? எனக்கா இத்தனை பேர் அழறாங்க?” அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. “எம் பொண்டாட்டி போனப்ப இந்தத் தெருவுல ஒருத்தி எட்டிப் பார்க்கலை, ஆர்கிப்பஸ். பையன் கப்பல்ல துடுப்பு போடப் போனவன் ரெண்டு வருஷமா சேதி இல்லை. என்னை எல்லாரும் வெறுக்கறாங்கன்னுல்ல நெனச்சிருந்தேன்!”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டுவிட்டு முற்றத்துக்குப் போய் நானும் அழுதேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். நிகோபுலஸே சாட்சிகளைக் கூப்பிடச் சொன்னான். நாவிதனும் தச்சனும், போதாததற்கு பார்மெனோனும் வந்து வரிசையாக நின்றார்கள். என்ன சொல்லப்போகிறானோ என்று நான் கதவோரமாகப் போய் நின்றுகொண்டேன். அவன் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்: “நான் செத்தா, இந்த வீட்டார் மேல எம் மகனோ சொந்தக்காரனோ எவனும் வழக்குப் போடக் கூடாது. நான் விடுவிச்சுட்டேன். சாட்சியா நில்லுங்க.” சாகிறவன் வாயால் விடுவித்தால் பிறகு யாரும் தொட முடியாது. பார்மெனோன் முகம் நேற்றைய மீன் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது உங்கள் தங்கை, அந்நிய ஆண்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கஞ்சிக் கிண்ணத்தோடு நேரே உள்ளே வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். “ஐயா, என் கை தவறிடுச்சு. சாகாதீங்க” என்றாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்புப் போதாது” என்றான். சாகிறவன் உப்புப் பார்க்க மாட்டான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. மறுநாள் மதியம் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. நேற்று எழுந்து தன் காலாலேயே வீட்டுக்குப் போனான். அந்த ஒப்பாரி யாருக்கு என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகையால் மெலித்தா நாட்டைவிட்டு உங்களிடம் வந்து தங்க வேண்டியதில்லை, நீங்களும் கவலைப்பட வேண்டியதில்லை. விசாரணையிலும் இனி அவன் என் மேல் வாயைத் திறக்க மாட்டான், எல்லாம் சுபமாக முடிந்தது. உங்கள் கொடிகள் குலைகுலையாகக் காய்க்கட்டும், உங்கள் கடல் அலையடங்கிக் கிடக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஆர்கிப்பஸ்

பின்குறிப்பு: முத்திரை வைக்கப் போகும் நேரத்தில் கதவைத் தட்டினார்கள். தலையில் கட்டோடு நிகோபுலஸ், கூட இரண்டு சாட்சிகள். எங்கள் மேல் காயப்படுத்திய வழக்காம், இன்ன தேதிக்கு வந்து நிற்க வேண்டுமாம். “யோவ், விடுவிச்சுட்டேன்னு சொன்னியே!” என்று கத்தினேன். “செத்தா விடுவிக்கறேன்னேன். பொழைச்சா விடுவிக்கறேன்னு சொன்னேனா? இவங்களையே கேளு” என்றான். நாவிதனும் பார்மெனோனும் ஒன்றுபோலத் தலையை ஆட்டினார்கள். சொல்லிவிட்டுப் போவான் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே போய் அதே கட்டிலில் சாய்ந்துகொண்டு, “மெலித்தாம்மா, இன்னிக்கு என்ன சமையல்?” என்கிறான். உங்கள் தங்கை பரிமாறிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கப்பலிலேயே புறப்பட்டு வாருங்கள்.