சிவப்புத் தொட்டிக்குப் போகவிருந்த மூளை

கைபேசியில் தெரிந்த மூளையின் இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு. பச்சையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவருக்கு வேலையே, வருகிற பாகத்தை மாஸ்டர் பீஸ் என்கிற அச்சு அசல் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். மயிரிழை மாறினாலும் ரிஜெக்ட், சிவப்புத் தொட்டி.

போன மாதம் அவரும் மனைவி ஜெயமும் ஓர் ஆராய்ச்சிக்காக ஸ்கேன் மெஷினில் தலையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். இன்று வீட்டின் ஒரே கைபேசிக்கு லிங்க் வந்தது. பெயர் வெளியே தெரியக்கூடாதாம், வெறும் எண்தான். மூளையை விரலால் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். பல பேருடைய மூளைகளின் சராசரியிலிருந்து எங்கே மாறுகிறதோ அங்கே சிவப்பு.

திருப்பினார். அடியிலும் சிவப்பு. கீழே நகர்த்துகிற பட்டை ஒன்று இருந்தது. எவ்வளவு மாறினால் பரவாயில்லை என்கிற டாலரன்ஸ் போலிருக்கிறது, கொஞ்சம் தளர்த்துவோம் என்று இழுத்தார். சிவப்பு வலப்பக்கம் தாவியது. பதறி இன்னும் இழுத்தார். மூளை மொத்தமும் தக்காளிச் சட்னி.

ஜெயத்திடம் சொல்ல மனம் வரவில்லை. பாவம், மெதுவாகத் தயார்படுத்துவோம் என்று அடுப்படிக்குப் போனார்.

"ஜெயம், கேஸ் புக் பண்ற நம்பர் தெரியுமா?"

"தெரியும்."

"மோட்டாரு மக்கர் பண்ணா யாரைக் கூப்புடணும்?"

"இன்னாய்யா, எங்கனா ஓடப் போறியா?"

"நான் இல்லன்னாலும் நீ..."

கரண்டி கீழே விழுந்தது. "யாரு அவ?"

"ஐயோ, அவளும் இல்ல இவளும் இல்ல. என் மூளை ரிஜெக்ட் ஆயிடுச்சி!" அழுதேவிட்டார். "உன்னையே மறந்துடுவனோன்னு பயமா கீது."

ஜெயம் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மறந்தா மறந்துட்டுப் போ. நான் யாருன்னு தெனம் காலையில சொல்றேன். இந்த மூளைய வெச்சிக்கினுதான இத்தினி வருஷம் குடும்பம் ஓடிச்சி?"

அன்று ஸ்கேன் எடுத்த ஆராய்ச்சிப் பெண் மோகனப்ரியாவுக்கு ஜெயமே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சிவப்புன்னா பழுது இல்ல சார், வித்தியாசம். எல்லாருக்கும் எங்கயாச்சும் இருக்கும்."

பச்சையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப என் மூளை ஓகேவாம்மா?"

"உங்க மூளைய யாரு சார் பார்த்தா? ஆடாம படுங்கன்னா, 'ஜெயம் வெளிய பயப்படறாளா, சாப்ட்டாளா'ன்னு தலையத் தூக்கித் தூக்கிக் கேட்டீங்க, படமே விழல. நீங்க பார்க்கறது அக்காவோட மூளை!"